கணிப்பு பொய்த்தால் யார் தலையில்?

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் வீட்டை விற்க நினைத்தவர் தரகரைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. இணையத்தில் விவரம் கொடுத்தால் ஜில்லோ நிறுவனமே விலை சொல்லி வாங்கிக்கொள்ளும், சிறு பழுதுகளைச் சரிசெய்து மறுபடி விற்கும். 2018-ல் தொடங்கிய இந்தத் தொழில் கணினியின் கணிப்பை நம்பியே நடந்தது. வீட்டின் இன்றைய விலை தெரிந்தால் மட்டும் போதாது, சில மாதம் கழித்து என்ன விலைக்குப் போகும் என்பதும் தெரிந்தாக வேண்டும். 2021-ல் விலைகள் ஏறிய வேகத்தில் வீடுகளை வாங்கிக் குவித்தார்கள். பழுதுபார்க்க ஆள் கிடைக்கவில்லை, சாமான்களும் நேரத்துக்கு வரவில்லை. விலையேற்றம் தணிந்தபோது, ஒரே காலாண்டில் கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30.4 கோடி டாலர் குறைத்து எழுத நேர்ந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வீடு வாங்கி விற்கும் பிரிவையே மூடுவதாக அறிவித்தார்கள். ஊழியர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை போயிற்று.

வீட்டு விலையைக் கணிப்பது எதிர்பார்த்ததைவிட மிகக் கடினமாக இருந்தது என்று ஜில்லோவின் அப்போதைய தலைமை நிர்வாகி ரிச் பார்ட்டன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் வேலை இழந்தவரின் வீட்டு வாடகையை அது கட்டாது. மழையை நம்பி விதைக்கும் உழவருக்குக் கணிப்பும் சொந்தம், நட்டமும் சொந்தம். பெருநிறுவனத்திலோ முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர். அறத்தின் சிக்கல் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

அதற்காக, ஐயம் முழுதும் தீரும்வரை எந்தத் தலைவரும் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. போட்டியில் பின்தங்கி நிறுவனமே மூழ்கினால் எல்லோருக்கும்தான் வேலை போகும். தயங்குவதற்கும் பலியாகிறவர்கள் உண்டு. ஆகவே கணிப்பை நம்பலாமா என்பதைவிட, எந்த அளவுக்கு நம்பிக் காலை வைக்கலாம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அளவு மீறிக் காலை வைத்த கதை இன்னொன்றும் உண்டு. ஸ்வீடனின் நிதிச் சேவை நிறுவனமான கிளார்னா, வாடிக்கையாளர் சேவையில் தன் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 முழுநேர ஊழியர்களின் வேலையைச் செய்வதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தது. செலவைக் குறைப்பதில் காட்டிய முனைப்பால் சேவையின் தரம் இறங்கிவிட்டது என்று அடுத்த ஆண்டே அதன் தலைவர் சொன்னார். வாடிக்கையாளரிடம் பேச மறுபடி மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். நிறுவனம் வந்த வழியே திரும்பிவிடலாம். இடையில் பிழைப்புக்கு வேறு வழி தேடிப் போனவருக்கு அப்படித் திரும்புவது எளிதல்ல.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அந்த அளவுகோல் இரண்டு கேள்விகளில் அடங்கும். இந்த முடிவைத் திரும்பப் பெற முடியுமா? பொய்த்தால் முதல் அடி யாருக்கு விழும்? நூறு வீடுகளில் சோதித்துப் பார்ப்பதும், ஆட்களை அனுப்பாமல் புதிய கருவியை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பார்ப்பதும் திரும்பி வரக்கூடிய வழிகள். அதையும் தாண்டித் துணிகிற தலைவர், தன் ஊதியத்தையும் பதவியையும் முதலில் பணயம் வைக்கட்டும். கடைநிலை ஊழியரின் சம்பளத்தைப் பணயம் வைத்துக் காட்டும் துணிவைத் துணிவு என்று சொல்லக் கூடாது.