இருதயத் துடிப்பு உயிரின் இலக்கணமாமோ?

எம்மிடம் முன்னாளிற் சித்தாந்த நூல்களைப் பாடங்கேட்ட அன்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு தொலைபேசியில் எம்மை அழைத்து ஒரு வினா நிகழ்த்தினார். அவர்தம் மூத்த மைந்தன் சாலை விபத்தில் தலையில் அடியுண்டு மருத்துவமனையிற் கிடந்தான். மூளைத்தண்டு இறந்துபட்டதென மருத்துவர் துணிந்து, அவன் இருதயத்தைப் பிறர்க்கு உதவ இசைவு வேண்டினர். "ஐயா, இவன் மார்பின்மேல் என் கை இருக்கின்றது, துடிப்பு நன்றாய்த் தெரிகின்றது. உயிர் நீங்கிற்றென்று யான் எங்ஙனம் உடன்படுவேன்? உடன்பட்டாற் கொலையாகாதா?" என்றார். நாற்பதாண்டு பாடஞ்சொன்ன யாம், "திருவருள் உணர்த்தியவாறு செய்க" என்று சொல்லி ஒழிந்தோம். அது விடையன்று, நழுவுதலே. அன்று கூறற்பாலதனை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் இருதயத்தின் தொழிலை அறிதல் வேண்டும். அது கைமுட்டி அளவினதாய்த் தசையான் அமைந்து, மேலறை இரண்டும் கீழறை இரண்டும் உடையது. உடலெங்குஞ் சென்று மீண்ட குருதி வலப்பக்கத்தை அடைந்து நுரையீரலுக்குச் செலுத்தப்படும். ஆண்டுப் பிராணவாயுவைப் பெற்று இடப்பக்கத்தை அடைந்து, தமனிகளின் வழியே மறுபடியும் உடலெங்கும் பரவும். நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 முறை துடித்து 5 லிட்டர் குருதியை அது செலுத்துகின்றது. ஒருநாளைத் துடிப்பு ஏறக்குறைய 1,00,000 ஆகும்.

குருதி இங்ஙனம் சுற்றி வருதலை இங்கிலாந்து நாட்டு வில்லியம் ஹார்வி 1628இல் நூலெழுதி நிறுவினார். அவர் கொண்ட ஏது நம் தருக்கநூலாரும் போற்றத்தக்கது. ஒரு துடிப்பிற் செல்லும் குருதியை அளந்து பெருக்கி, அரைமணிப் பொழுதிற் செல்வது உடலிலுள்ள குருதி முழுமையினும் மிகுதல் கண்டார். அத்துணைக் குருதி உண்ட உணவினின்று உடனுக்குடன் தோன்றுதல் கூடாமையின், சென்றதே மீளல் வேண்டுமென்றார். தமனியினின்று சிரைக்குச் செல்லும் மயிரினும் நுண்ணிய நாளங்களை அவர் கண்டிலர். அவற்றை 1661இல் இத்தாலியராகிய மால்பீகி தவளையின் நுரையீரலில் நுண்பெருக்கி கொண்டு கண்டார். அனுமானத்தை இகழ்வோர் இதனை நோக்குவாராக.

இனி, இருதயத்தைத் துடிப்பிப்பது யாது? நம் வினாவிற்கு வேண்டுவது இதுவே. வலமேலறையில் உள்ள ஒரு சிறு கணு தானே மின்விசையை எழுப்பித் துடிப்பைத் தொடக்குகின்றது. கீத், பிளாக் என்னும் இருவர் 1907இல் இக்கணுவைக் கண்டறிந்தனர். மூளையினின்று வரும் நரம்புகள் துடிப்பை விரைவிக்கவும் தணிக்கவும் வல்லனவேயன்றி, அதனைத் தோற்றுவிப்பன அல்ல. 1967 டிசம்பர் 3இல் கேப்டவுன் நகரில் பர்னார்டு என்னும் மருத்துவர் ஒருவரது இருதயத்தை மற்றொருவர்க்குப் பொருத்தியபோது, நரம்பெல்லாம் அறுபட்டிருந்தும் அது துடித்தது. மூச்சோ அங்ஙனமன்று, அது மூளைத்தண்டின் ஏவலால் நிகழ்வது. அத்தண்டு இறந்துழி மூச்சு தானே நிகழாது. பொறி காற்றை ஊட்டுமளவும் இருதயம் சிலபொழுது துடித்துக் கொண்டிருக்கும். அன்பர் கையில் உணர்ந்தது இத்துடிப்பே.

பிராணனே உயிரென்பாரைச் சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரம் மறுக்குமாறு கற்றார்க்குத் தெரியும். உறக்கத்தின்கண் பிராணன் இயங்கவும் நுகர்ச்சியும் தொழிலும் இல்லை. ஆதலின் இயங்குவது வேறு, நுகர்வோன் வேறு. உறக்கத்தில் இருதயமும் ஓயாது இயங்குகின்றது. பிராணனுக்குச் சொல்லிய மறுப்பு அதற்கும் ஒக்கும்.

அற்றேல், சுழுத்தியில் உயிர் இருதயத் தானத்தில் நிற்குமென்றது என்னையெனின், அது கருவிகள் ஒடுங்கும் முறைமை பற்றிக் கூறியதாம். வியாபகமாகிய உயிர் ஒரு தசையறைக்குள் அடங்குமென்பது நம் கொள்கையன்று. இதனினும் வலிய தடையொன்று உண்டு. மூர்ச்சையுற்றோனும் அறிவின்றிக் கிடந்து பின் எழுகின்றானே. அம்மைந்தனும் அதீதத்திற் கிடந்தானாகக் கூடாதோ? இத்தடையை எளிதென்று தள்ளற்க. மீளும் ஒடுக்கத்தையும் மீளா ஒழிவையும் பிரித்தறிதற்கே இந்நாட்டில் 1994இல் இயற்றிய சட்டம், மருத்துவர் நால்வர், ஆறு மணிக்குக் குறையா இடைவெளியில் இருமுறை சோதித்துத் துணிதல் வேண்டுமென விதித்தது. அச்சோதனை வழுவாது நிகழ்ந்ததாயின், பின்னர் நிற்கும் துடிப்பு குயவன் கையெடுத்தபின் சுழலும் திகிரியை ஒக்கும். அப்பொழுது இருதயத்தை எடுத்தல் கொலையாகாதென்பது எம் துணிபு. சோதனையில் விரைவோ பொருளாசையோ புகுந்ததாயின், அப்பழி சோதித்தாரைச் சாரும். நம்பி இசைந்த தந்தையைச் சாராது.

அவ்விரவே அன்பர் இசைந்துவிட்டார். ஓராண்டு கழித்து எம்மைக் கண்டு, "அதனைப் பெற்றவர் என் மகனைப்போல் என்பால் அன்புடையவராவாரோ?" என்றார். ஆகார் என்றோம். அன்பு உயிரின்கண் நிகழ்வது. பூசலார் கோயிலெடுத்த நெஞ்சம் குருதி புகும் அறையன்று. 'இருதயம்' என்னும் ஒரு சொல்லே இரண்டற்கும் வழங்குதலால் வரும் மயக்கம் இது. பெற்றவர் தம் வினைப்பயனைத் தாமே நுகர்வர். இவற்றையெல்லாம் அன்பர் அமைதியாய்க் கேட்டிருந்து, தம் வலக்கையை நோக்கி, "அத்துடிப்பு இதில் இன்னும் இருக்கின்றது, ஐயா" என்றார். அதனை யாம் மறுத்திலோம்.