தண்ணீர் கலந்த பால்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியில் ஒரு பாராட்டு விழா. பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியிருந்த ஹாக்கி மாணவியை மேடையில் அறிமுகப்படுத்தும் வேலை தமிழ்த்துறைக்கு, அதாவது எனக்கு, வந்தது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. கடன் வாங்கி வாங்கிய மட்டை. கவிதை எழுதும் கைக்கு இத்தனை கிடைத்தால் விடுமா? ஹரியானாவின் ராணி ராம்பாலையும் துணைக்கு அழைத்து அவளை அவரோடு ஒப்பிட்டேன். அரங்கம் கண் கலங்கியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மாவை எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டே தலைகுனிந்திருந்தார்.

விழா முடிந்து படியிறங்கும்போது அந்தப் பெண் கேட்டாள்: "எங்க அம்மாவப் பத்தியே பேசினீங்க மேம். நான் எந்த இடத்துல ஆடுறேன்னு சொல்லவே இல்லையே?"

அவள் எந்த இடத்தில் ஆடுகிறாள் என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் ராணி ராம்பாலை நான் ஒழுங்காகப் பின்தொடரத் தொடங்கினேன். அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஷாஹாபாத் மார்க்கண்டா என்ற சிற்றூரில் வண்டி இழுத்துப் பிழைத்தவரின் மகள். உடைந்த மட்டையை வைத்துப் பழகியவர். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வீட்டில் வாங்க முடிந்ததோ 200 மில்லி. மீதிக்கு யாருக்கும் தெரியாமல் தண்ணீர் கலந்தார். வீட்டில் கடிகாரம் இல்லாததால் விடியற்காலைப் பயிற்சிக்கு எழுப்ப வேண்டிய அம்மா வானத்தைப் பார்த்து நேரம் கணித்தார். இவையெல்லாம் ராணியே பின்னாளில் சொன்னவை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பாலில் தொடங்கிப் பத்மஸ்ரீயில் முடித்துவிடுகிறார்கள். நடுவில் ஹாக்கி இல்லை. நானும் அப்படித்தான் சொன்னேன்.

நடுவில் இருப்பது இதுதான். 2010 உலகக் கோப்பையில் ஆடும்போது ராணிக்கு வயது 15. அந்தத் தொடரில் ஏழு கோல் அடித்தார். 2013இல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பையில் இந்தியப் பெண்கள் முதன்முறையாக வெண்கலம் வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 36 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் ஹாக்கிக்குத் திரும்பிய 2016 அணியில் இருந்தார். 2019 நவம்பரில் புவனேஸ்வரத்தில் அமெரிக்காவுடன் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. முதல் ஆட்டத்தை 5-1 என வென்ற இந்தியா, மறுநாள் இடைவேளைக்குள் நான்கு கோல் வாங்கியிருந்தது. மொத்தக் கணக்கு 5-5. ஹாக்கியில் 'டி' எனப்படும் வளைவுக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். அந்த நெரிசலில் பந்தை நிறுத்தித் திரும்பி அடிக்க முன்கள ஆட்டக்காரருக்குக் கிடைப்பது ஒரு நொடி, இரண்டு நொடி. 48ஆம் நிமிடத்தில் கேப்டன் ராணிக்கு அது கிடைத்தது. அடித்தார். இந்தியா டோக்கியோ போனது.

அந்த ஒரு நொடிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான காலைகள் உண்டு. பயிற்சியாளர் பல்தேவ் சிங்கின் கண்டிப்பு உண்டு. அவரிடம் ஷாஹாபாத்தில் பழகி இந்திய அணிக்கு வந்த பெண்கள் பலர். அங்கே ஒரு மைதானமும் ஒரு முறையும் இருந்தன. இதையெல்லாம் விட்டுவிட்டு வறுமையை மட்டும் சொன்னால், வறுமைதான் அவரை ஆட்டக்காரராக்கியது என்று பொருள் வந்துவிடுகிறது. வறுமை ஆக்கவில்லை. 300 மில்லி பாலைக் குறைத்தது, அவ்வளவுதான்.

ஒருத்தியின் பற்றாக்குறையை நாம் போற்றும்போது உண்மையில் எதைப் போற்றுகிறோம்? தண்ணீர் கலந்த அந்தக் குழந்தையின் மனவுறுதியை என்போம். ஆனால் அந்த மனவுறுதி எதற்காகத் தேவைப்பட்டது என்று கேட்பதில்லை. கண்ணீர் வந்ததும் கேள்வி முடிந்துவிடுகிறது. அடுத்த சிறுமிக்குப் பால் யார் கொடுப்பது என்பது பாக்கி நிற்கிறது.

ராணியே தன் கதையைச் சொல்லியிருக்கிறாரே என்று ஒரு தோழி மறுத்தாள். உண்மைதான். பெண் குட்டைப் பாவாடை போட்டு ஓடினால் மானம் போகும் என்று ஊரார் பேசியதையும், அப்பா தயங்கியதையும் அவர் சொன்னதால் எத்தனையோ சிறுமிகளுக்கு வாசல் திறந்திருக்கும். அவர் வாயில் அது சாட்சி. தன் வீட்டை எவ்வளவு திறந்து காட்டுவது என்பது அவர் முடிவு. என் மாணவியின் வீட்டைத் திறந்தது நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆண்களுக்கான ஹாக்கி இந்தியா லீக் 2013இல் தொடங்கியது. அப்போது ராணிக்கு 18 வயது. பெண்களுக்கு லீக் இல்லை. தன் ஆட்டக்காலத்தில் நாட்டுக்காகவும் வேலை கொடுத்த ரயில்வேக்காகவும் ஆடினார். 2024 அக்டோபரில் ஓய்வு பெற்றார். 28 என்ற அவருடைய எண்ணை இனி யாரும் அணியப்போவதில்லை என்று கௌரவித்தார்கள். மூன்று மாதம் முடிவதற்குள், 2025 ஜனவரியில், பெண்கள் லீக் தொடங்கியது. ராணி அங்கே களத்துக்கு வெளியே, சூர்மா அணியின் பயிற்சியாளர்களில் ஒருவராக நின்றார். ஆண்களுக்கு எட்டு அணி, பெண்களுக்கு நான்கு. ஏலத்தில் ஆண்கள் அணி செலவழிக்கலாம் என்றிருந்த தொகை 4 கோடி, பெண்கள் அணிக்கு 2 கோடி. தமிழ்நாட்டின் பெயரில் ஆண்கள் அணி இருந்தது, பெண்கள் அணி இல்லை. பாலைப் பற்றி அழுத தேசம், சம்பளம் என்று வந்தபோது பாதிதான் ஊற்றியது.

இந்தப் பாராட்டு எவ்வளவு தூரம் கூட வரும் என்பதை டோக்கியோ காட்டியது. அங்கே தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக வந்தனா கட்டாரியா மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியப் பெண் ஒருவரின் முதல் ஹாட்ரிக் அது. சில நாளில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் இந்தியா தோற்றது. ஹரித்துவார் அருகே அவர் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசியதாகக் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். ஜெயிக்கும்வரை 'நம்ம பொண்ணு'. தோற்ற அன்று சாதி.

நான் செய்தது அந்த வன்முறைக்கு ஈடல்ல. ஆனால் மேடையில் நான் பார்த்ததும் ஆட்டக்காரியை அல்ல, அவள் வந்த வீட்டை.

பிறகு அவள் ஆட்டத்தைப் பார்க்கப் போனேன். ரைட் ஹாஃப். எதிரணி வேகமாக இறங்கும்போது முன்னால் ஓடிவிடாமல், அவர்களைப் பக்கக்கோட்டை நோக்கி ஒதுக்கிக்கொண்டே வந்து, மட்டை நுனியால் பந்தைத் தட்டி எடுப்பது அவள் வேலை. கோல் அடிக்காததால் யார் கண்ணிலும் படாத இடம்.

மறு ஆண்டு விழாவில் அதைத்தான் சொன்னேன், அவளிடம் படித்துக்காட்டி, அவள் இரண்டு இடத்தில் திருத்திய பிறகு. கைதட்டல் குறைவாகத்தான் வந்தது. அவள் சிரித்தாள்.

அவள் அம்மா அன்று வரவில்லை.