ரோபோவின் கண் யாருக்காகப் பேசுகிறது?

2012இல் அமெரிக்காவின் ரீதிங்க் ரோபோடிக்ஸ் நிறுவனம் பாக்ஸ்டர் என்ற தொழிற்சாலை ரோபோவை அறிமுகப்படுத்தியது. அதன் தலை ஒரு திரை. திரையில் இரண்டு கண்கள். கை எந்தப் பக்கம் நீளப்போகிறதோ அந்தப் பக்கம் கண்கள் முந்திக்கொண்டு திரும்பும். அதைப் பார்த்து, பக்கத்தில் நிற்கும் தொழிலாளி விலகிக்கொள்ளலாம். 2005இல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் லியொனார்டோ என்ற ரோபோவைக் கொண்டு நடத்திய சோதனையிலும், பார்வையும் உடலசைவும் சேர்ந்தபோது கூட்டுவேலை விரைவடைந்தது. தவறான புரிதலால் வந்த பிழைகளும் எளிதில் திருத்தப்பட்டன. பயன் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கண்கள் தெரிவிப்பது யாருடைய எண்ணத்தை?

கேள்வி புதிது; அதை அளக்கும் கோல் கண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. 1958இல் ஞானபோனிக தேரரும் நண்பர்களும் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கம், 1993இல் பிக்கு போதி பதிப்பித்த அபிதம்மக் கைநூலை இந்த ஊரிலிருந்துதான் வெளியிட்டது. மனத்தையும் பொருளையும் பகுத்தாராயும் பௌத்த மறைப்பகுதியான அபிதம்மம் கூறும் 28 உருவப்பொருள்களில் ஒன்று காயவிஞ்ஞத்தி: உள்ளத்து நோக்கம் உடலசைவின் வழியே பிறருக்குப் புலப்படுவது. தடியை ஓங்கினால் நாயும் நரியும் மாடும்கூட நோக்கம் அறிந்து ஓடும் என்கிறது அட்டசாலினி உரை. சித்தம் இல்லாத இடத்தில் இந்த அறிவிப்பும் இல்லை. அப்படியானால் பாக்ஸ்டரின் கண்ணசைவைத் தொழிலாளி எப்படிச் சரியாகப் புரிந்துகொள்கிறார்? அதற்குப் பின்னால் ஒரு சித்தம் இருக்கத்தான் செய்கிறது. கண் முதலில் திரும்ப வேண்டும் என்று தீர்மானித்த மனிதருடைய சித்தம் அது. தபாலில் வந்த கடிதம்போல, எழுதியவர் தொலைவில் இருக்கிறார்.

ரோபோவிடமும் புத்த இயல்பு உண்டு என்று ஜப்பானியப் பொறியியலாளர் மசஹிரோ மோரி 1974இல் எழுதினார். தேரவாதம் அவ்வளவு தூரம் போகாது. போனாலும் வடிவமைத்தவரின் பொறுப்பு குறையாது. இயந்திரத்துக்குச் சேதனை, அதாவது செய்யும் நோக்கம், இல்லை; எனவே அது பொய் சொல்ல முடியாது என்பது இன்னொரு வாதம். உண்மைதான். ஆனால் ஏமாற்றும் எண்ணத்தோடு உடலால் செய்வதையும் பௌத்த உரையாசிரியர்கள் முசாவாதத்தில், அதாவது பொய்யுரைத்தலில், சேர்த்தார்கள். கட்டளை விளங்காத ரோபோ விளங்கியதாகத் தலையாட்டினால், பொய் சொன்னவர் அப்படி ஆட்ட வைத்தவரே. மரியாதைக்காக மனிதரும் தலையாட்டுகிறார்களே என்றால், அவர்களை மறித்து “என்ன விளங்கியது?” என்று கேட்கலாம். இயந்திரக் கையின் அருகில் விரலை வைத்திருப்பவருக்கு அந்தத் தலையாட்டலை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.