சொல்பவர் இல்லாத சொல்

தான் காணாத ஒன்றைப் பிறர் சொல்லக் கேட்டு மெய்யென ஏற்பது எப்போது அறிவாகும், எப்போது குற்றமாகும் என்னும் வினா தமிழ்ச் சமய மரபுக்குப் புதியதன்று. அறிவை அடையும் கருவிகளை அம்மரபு ‘அளவை’ என்றது. சைவ சித்தாந்தம் காண்டல், கருதல், உரை என மூன்றை ஏற்று, குற்றமற்றவரின் சொல்லையே உரை எனக் கொண்டது. மணிமேகலையில் காஞ்சி நகரில் அறவண அடிகள் உரைக்கும் பௌத்த அளவையோ முதல் இரண்டோடு நின்று, சொல்லைத் தனி அளவையாகவே ஏற்கவில்லை. எத்தரப்பின்படி பார்த்தாலும், சொன்னவர் யாரென்றே தெரியாத சொல்லுக்கு அறிவென்னும் தகுதி கிடையாது.

2018 ஏப்ரல், மே மாதங்களில் திருவண்ணாமலை, வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் கிராமங்களில் வாட்ஸ்அப் வழியே பரவியது அத்தகைய சொல்தான். அடம்பிடிக்கும் குழந்தையை அடக்க வீடுகளில் காலங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த ‘பிள்ளை பிடிக்கிறவன்’ என்ற உருவத்துக்கு, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிழைப்புக்கு வரும் வடமாநிலத் தொழிலாளியின் முகத்தை அது பொருத்தியது. சதிக்கோட்பாடு என்பது இதுவே: அச்சம் ஒவ்வொன்றுக்கும் மறைவான ஒரு கூட்டத்தைக் காரணமாக்கி, ஆதாரம் கிடைக்காததையே சதி திறமையாக மறைக்கப்பட்டதற்கு ஆதாரமாகக் காட்டும் எண்ணப்போக்கு.

அவ்வாண்டு மே 9 அன்று, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற ஒரு குடும்பத்தின் கார் போளூரை அடுத்த அத்திமூர்ப் பகுதியில் நின்றபோது, அதில் வந்த 65 வயது மூதாட்டி அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர் என்று கருதிய கும்பல் அவரை அடித்தே கொன்றது. இங்கே காண்டலில் பிழை இல்லை. சாக்லேட் நீட்டிய கை உண்மை. பிழை கருதலில் நேர்ந்தது. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டெனக் கருத வேண்டுமானால், புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும் என்ற மாறாத தொடர்பை, அதாவது வியாப்தியை, அடுக்களையிலேனும் முன்பே அறிந்திருக்க வேண்டும். இனிப்புத் தருபவர் பிள்ளையைக் கடத்துவார் என்ற தொடர்பை எந்த ஊரின் அனுபவமும் தந்ததில்லை. பிள்ளைகளுக்கு இனிப்புத் தருவது உலகத்துப் பாட்டிமார் எல்லோரும் செய்வதுதான். இல்லாத வியாப்தியைச் செல்பேசி தந்தது. வடநாட்டார் மீது ஏவப்பட்ட வெறுப்பு ஒரு தமிழ் மூதாட்டியைக் கொன்றது. அயலார் என்ற சொல் ஒருமுறை கொலைக்கு நியாயமாகிவிட்டால், அதன் எல்லையை வகுப்பது கும்பலின் கையில் போய்விடுகிறது.

அதே ஆண்டு பிப்ரவரியில் இலங்கையின் அம்பாறையில், முஸ்லிம் உணவகத்தில் சிங்களவருக்குக் கருத்தடை மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற வதந்தியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் கலந்து மலடாக்கும் மாத்திரை என ஒன்று உலகில் இல்லை. 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் 51 முஸ்லிம்களைக் கொன்றவன், குடியேறிகள் பெருகி வெள்ளையரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நம்பியவன். மூன்று பொய்களும் கைவைத்த இடம் பிள்ளைப் பாசம் ஒன்றே: பிள்ளை திருடப்படும், பிள்ளை பிறக்காது, பிறர் பிள்ளைகள் பெருகிவிடுவார்கள். பாசம் என்ற சொல்லுக்குத் தமிழில் அன்பென்றும் கட்டும் கயிறென்றும் இரு பொருள் உள்ளதை இங்கே கருத வேண்டும்.

‘வந்ததை அனுப்பினேன்’ என்ற சமாதானம் அளவைக்கு முன் நிற்காது. பெயரற்ற குரலை ஊர் நம்புவதில்லை. அதை அனுப்பிய மாமனையும் அண்ணனையும் நம்புகிறது. ஆகவே அனுப்பியவரே சொன்னவர். ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவில் கொண்டுவந்த வரம்பு, வேகத்தைக் குறைத்ததேயன்றி அந்தப் பொறுப்பைத் தொடவில்லை.

சொல்லுக்குப் பொறுப்பேற்கும் முறை இந்த மண்ணுக்குப் புதியதன்று. வதந்தி பரவிய அதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதலாம் பராந்தகனின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர்ச் சபைக் குழுக்களுக்குக் குடத்திலிட்ட ஓலைகளால் ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை விரித்துரைக்கிறது. பெரும்பாலோரை வெளியே நிறுத்திய சபை அது; ஆனாலும் ஒரு சொல் பலர் அறிய மெய்யாக வேண்டுமென்பதில் அது காட்டிய கவனம் பெரியது. ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை ஏற்று உரக்க வாசிக்க வேண்டும். அதன்பின் அங்கிருந்த கோயில் பூசகர்களான நம்பிமார் ஒவ்வொருவரும் அதே ஓலையை வாங்கித் தாமும் வாசிக்க வேண்டும்.