பக்தை என்று சொல்லி முடித்துவிடலாமா?

அரியலூரிலிருந்து கீழப்பழுவூர், திருமானூர் வழியாகத் தஞ்சாவூர் போகும் பேருந்து, கொள்ளிடத்தைத் தாண்டிச் சற்று நேரத்தில் திருவையாற்றை அடைகிறது. 1847இல் மறைந்த தியாகராஜரின் சமாதி அங்கே காவிரிக் கரையில் இருக்கிறது. அதற்கு எதிரே, அவரைப் பார்த்தபடி ஒரு பெண்ணின் சிலை. பெங்களூர் நாகரத்தினம்மாள். யாரைக் கேட்டாலும் “பெரிய பக்தை” என்பார்கள். பொய்யில்லை. ஆனால் அது முழு உண்மையும் இல்லை.

தேவதாசி மரபில் 1878இல் பிறந்தவர் அவர். பாடிச் சம்பாதித்தார். முத்துப்பழனி என்ற தேவதாசி எழுதிய தெலுங்குக் காவியத்தை 1910இல் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு அதைத் தடை செய்தது. 1920களில், பாழடைந்து கிடந்த தியாகராஜர் சமாதியைத் தன் சொந்தப் பணத்தில் எடுத்துக் கட்டினார். அப்போது ஆராதனையை நடத்திய ஆண்களின் இரண்டு கட்சிகளும் பெண்களைப் பாட விடவில்லை. கட்டடத்துக்கு அவருடைய பணம் ஆகும், ஆராதனைக்கு அவருடைய குரல் ஆகாது. அவர் ஒதுங்கிப் போகவில்லை. பெண்களைத் திரட்டி அங்கேயே பாட வைத்தார். அதற்குப் ‘பெண்கள் கட்சி’ என்றே பெயர் வந்தது.

ஒருவரின் கொடையை நினைவில் வைத்துக்கொண்டு, அவருக்கு இழைத்த அநீதியை மறந்துவிடுவது நன்றி ஆகுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். அந்த நன்றியில் நமக்கு எந்தச் செலவும் இல்லை. வீட்டிலும் இதைத்தானே செய்கிறோம்! “அம்மா தியாகி” என்று சொல்லும்போது, அந்தத் தியாகத்தைக் கேட்டு வாங்கியது யார் என்ற கேள்வி அடிபட்டுப் போகிறது. பக்தை என்ற சொல்லும் அப்படித்தான். அவரை வணங்க வைக்கிறது, அவரைத் தடுத்தவர்களைத் தப்ப வைக்கிறது.

நாகரத்தினம்மாளுக்கு இது தெரிந்திருந்தது போலும். 1949இல் எழுதிய உயிலில் சொத்தை அறக்கட்டளைக்கு விட்டபோது ஒரு நிபந்தனை வைத்தார்: தேவதாசிகள் உட்பட எல்லாப் பெண்களுக்கும் சமாதியில் வழிபடவும் பாடவும் ஆண்களுக்கு நிகரான உரிமை வேண்டும். 1952இல் அவர் மறைந்தார்.

சிலை பேசாது; பேசுவது உயில். பக்தி மட்டுமே இருந்தவர் நிபந்தனை போட்டிருக்கத் தேவையில்லை. தன் பணத்தால் எழுந்த வாசலில் தன் இனத்துப் பெண்களை யாரும் மறிக்கக் கூடாது என்று எழுதி வைத்தவரை நாம் வேறு சொல்லாலும் அழைக்க வேண்டும். உரிமை கேட்டவர் என்று. சிலையின் கீழ் ஒரு கல் வைப்பதானால், அந்த நிபந்தனையைத்தான் அதில் பொறிக்க வேண்டும்.