நின்று கேட்டவன் கடன்



கொடுக்கல் வாங்கல் தெளிவாக இருக்க வேண்டும் என்பது நம் முன்னோர் நமக்குக் கற்பித்த முதற்பாடம். சரக்கு இன்னது, விலை இன்னது, ரொக்கமா கடனா என்று பேசி முடித்த பிறகே பொருள் கைமாறும். ஆனால் சரக்கை முதலில் கொடுத்துவிட்டு, விலையும் சொல்லாமல், மனமுள்ளவர் தரட்டும் என்று காத்திருக்கும் தொழிலாளி ஒருவர் உண்டு. அவர்தாம் தெருவோரத்து இசைக்காரர். அவர் வாசிப்பை நின்று கேட்டவன் அவருக்குக் கடன்பட்டவனா, இல்லையா? சிறு விஷயம்போல் தோன்றினாலும், நமது நாணயத்தை உரைத்துப் பார்க்கும் கல் இது.

சிங்கப்பூரில் 1997-ஆம் ஆண்டு தேசிய கலைகள் மன்றம் தெருக் கலைஞர்களுக்கென்றே ஒரு திட்டம் வகுத்தது. திறமையைக் காட்டித் தேறியவர்க்கே அனுமதி என்பது அதன் முறை. ஆகவே இவர்களைப் பிச்சைக்காரர் வரிசையில் வைப்பது நியாயமன்று. தொழிலைச் செய்து காட்டிவிட்டு, கூலியை நம் மனத்துக்கு விட்டவர்கள் இவர்கள்.

"நானா அவரை வாசிக்கச் சொன்னேன்?" என்று சிலர் கேட்பர். கேள்வி சரியே. வழியோடு போகிறவன் காதில் தானாக விழுந்த ஓசைக்கு விலை கேட்க எவருக்கும் உரிமையில்லை. பக்கத்துக் கடைச் சாம்பிராணியின் மணம் நம் மூக்கை எட்டியதற்காக நாம் பணம் கட்டுவதில்லை. ஆனால் போகிறவன் வேறு, நிற்கிறவன் வேறு. கால்மணி நேரம் நின்று, தலையாட்டி ரசித்து, தட்டு அருகே வரும்போது நழுவுகிறானே, அவன் கேட்காமல் கிடைத்ததைப் பெற்றவன் அல்லன், விரும்பி எடுத்துக்கொண்டவன்.

சங்கீதம் கூடுமா கூடாதா என்பது ஆலிம்கள் பேச வேண்டிய விஷயம். அதற்குள் நாம் புகவில்லை. கூடாதென்று கருதுபவர் நில்லாமல் நடக்கட்டும். அவருக்குக் கடனும் இல்லை. பாட்டு முடியும்வரை நினைவுக்கு வராத மார்க்கம், தட்டு வரும்போது மட்டும் நினைவுக்கு வந்தால், அதைப் பேணுதல் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை.

"தெருவில் வாசிப்பதற்கு என்ன பெரிய மதிப்பு?" என்பது அடுத்த வாதம். 2007 ஜனவரி 12-ஆம் தேதி அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் நடந்ததைக் கேளுங்கள். ஜோஷுவா பெல் என்னும் உலகப் புகழ்பெற்ற பிடில் வித்துவான், ஒரு செய்தித்தாளின் ஏற்பாட்டில், சாதாரண உடையுடன் ரயில் நிலைய வாயிலில் நின்று 43 நிமிடம் வாசித்தார். கையில் இருந்ததோ 1713-இல் செய்யப்பட்ட அரிய பிடில். கடந்து சென்றவர் 1,097 பேர். நின்று கேட்டவர் ஏழே பேர். 27 பேர், பெரும்பாலும் போகிற போக்கில், போட்டுச் சென்றது 32 டாலரும் சில்லறையும். சில தினங்களுக்கு முன் பாஸ்டன் நகர மண்டபத்தில் அதே மனிதரைக் கேட்க நல்ல இருக்கை ஒன்றுக்கு 100 டாலர் அளவில் கொடுத்தார்கள்! பெயர்ப்பலகை இல்லாத கடையில் இருப்பதெல்லாம் மட்டச் சரக்கு என்று எண்ணுகிற வாடிக்கைக்காரரை நாம் பார்த்துச் சிரிப்பதுண்டு. தெருவில் நாமே அப்படி நடக்கலாமா?

இன்னொரு வாதம் சற்று நுட்பமானது. "நான் நிற்பதே அவருக்கு லாபந்தானே? என்னைப் பார்த்துத்தானே நாலு பேர் கூடுகிறார்கள்?" இதில் உண்மை உண்டு. மில்கிராம் என்ற அறிஞர் நியூயார்க் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி எதிர்க்கட்டடத்து ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் செய்தார். ஒருவர் பார்த்தபோது கடந்து சென்றோரில் 100-க்கு 4 பேரே நின்றனர். 15 பேர் பார்த்தபோது 40 பேர் நின்றனர். 1969-இல் வெளியான முடிவு இது. கூட்டம் கூட்டத்தை இழுக்கும் என்பதைக் கடைத்தெருவில் இருக்கும் நமக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நம் கடையில் கூட்டத்துக்கு அழகாக நின்றேன் என்று சொல்லி ஒருவர் சட்டைத்துணியை எடுத்துக்கொண்டு போனால் விடுவோமா? கையில் ஒன்றும் இல்லாத ஏழை நின்று கேட்டு, நன்றி சொல்லிப் போகட்டும். அது அவனுக்குப் போதும். பணமுள்ளவனுக்கு அது போதாது.

இனி இரண்டாவது கடன் ஒன்றுண்டு. இது வழிப்போக்கருக்குச் செலுத்த வேண்டியது. வாசிப்பவருக்கு வேண்டிய இடம் ஒரு பாய் அகலம். பாதையை அடைப்பது அவரன்று, சுற்றி நிற்கும் நாம்தாம். கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் சாலையில் 2025-ஆம் ஆண்டு மாநகராட்சி தெரு இசையை நிறுத்தியது. கூட்டம் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்பதே காரணம். வழியை அடைத்தவர்கள் கேட்டவர்கள். பிழைப்பை இழந்தவர்கள் வாசித்தவர்கள். இது என்ன நியாயம்? வீட்டுக்குப் போய்விட்ட கூட்டத்துக்குத் தண்டனையும் இல்லை, கவலையும் இல்லை.

இதைச் சொல்லும்போது நாமும் சற்றுத் தலைகுனிய வேண்டியிருக்கிறது. அஞ்சடி என்பது வெயிலிலும் மழையிலும் ஜனங்கள் நடப்பதற்காக ஏற்பட்டது. அதில் பெட்டிகளையும் துணிச்சுருள்களையும் அடுக்கிவிட்டு, எதிரே பாடுகிறவன் வழியை மறிக்கிறான் என்று புகார் கொடுப்பது நமக்குப் பொருந்துமா? பாதை பிறர் ஹக்கு. பாட்டுக்காரனுக்கு ஒரு சட்டம், கடைக்காரனுக்கு ஒரு சட்டம் என்று அதைப் பங்கு போட முடியாது.

நாகூர் போன்ற நம் ஊர்களில் தாயிரா கொட்டிப் பாடி வரும் பக்கீர்சாவுக்கு விலைப்பட்டியல் எதுவும் இருந்ததில்லை. வாசலில் ஓசை கேட்டதும் பெண்மக்கள் அரிசியை எடுத்து வருவார்கள். எவ்வளவு என்று எவரும் கேட்டதில்லை. வாங்கியவர் குறை சொன்னதுமில்லை. எழுதாத கணக்கு அது. ஆனால் தீர்க்கப்பட்ட கணக்கு.

ஆகவே சகோதரர்களே, பிடிக்கவில்லையா, நடந்து செல்லுங்கள். பிடித்ததா, ஓரமாக நில்லுங்கள். பின்னால் வருகிறவருக்கு வழி விடுங்கள். புறப்படும்போது இயன்றதைப் போட்டுச் செல்லுங்கள். எழுதிய கடனைத் தீர்ப்பவன் சட்டத்துக்கு அஞ்சியும் தீர்க்கலாம். எழுதாத கடனைத் தீர்ப்பவனே நாணயஸ்தன்.