சாரம்

கொத்தனார் கட்டுகிற சாரத்துக்கும் தத்துவவாதி தேடுகிற சாரத்துக்கும் தமிழில் ஒரே சொல். தற்செயல்தான். ஆனால் எலும்புத் திசுவை வளர்த்தெடுப்பவர்களின் காரியத்தைப் படிக்கும்போது இந்தத் தற்செயல் தொந்தரவு செய்கிறது.

ட்ரைகால்ஸியம் பாஸ்பேட் போன்ற பொருளால் நுண்துளைச் சாரம் அமைத்து, மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை அதில் ஏற்றி, எலும்பு விட்டுப்போன இடத்தில் வைக்கிறார்கள். எலும்பு வளர வளரச் சாரம் கரைய வேண்டும். முந்திக் கரைந்தால் சரிந்துவிடும். கரையாமல் நின்றால் வழிமறிக்கும். இதுவரை கொத்தனாரின் சாரம்தான்.

2006இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எங்லர், டிஷர் முதலியோர் கண்டது வேறு. ஒரே வகைச் செல்களை மூளையளவு மிருதுவான ஜெல்லில் விட்டால் நரம்புச் செல்லின் சாயல். தசையளவு இறுகியதில் தசையின் சாயல். அதைவிடக் கடினமானதில் எலும்பின் சாயல். முதல் வாரத்தில் ரசாயனத் தூண்டுதலால் திசைமாற்ற முடிந்தது. சில வாரங்கள் போனபின் அவை மசியவில்லை.

ஆக, சுபாவம் என்பது உட்கார்ந்த இடத்தின் கடினம் மட்டும்தானா? பதினோரு வருஷமாக பாங்க் கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இது வெறும் விசாரம் அல்ல. கைநாட்டு வைக்க வந்த ஒரு கிழவியை, மணியாகிவிட்டது, நாளைக்கு வா என்று அனுப்பினேன். அந்தக் குரல் என்னுடையதா, கவுண்ட்டருடையதா? 'சூழ்நிலை' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளும் நம் கதாநாயகர்களுக்கு இந்தச் சோதனை வசதியாகத்தான் படும்.

ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் இருக்கிறது. செல் தன் மயோசினால் இடத்தைப் பற்றி இழுத்துப் பார்த்தே அதன் கடினத்தை அறிகிறது. அந்த இழுப்பை மருந்தால் தடுத்தபோது எந்தச் சாயலும் ஏறவில்லை.

கிழவி மறுநாள் வந்திருக்கிறாள். அன்றைக்கு நான் லீவு.